தொட்டுப் பார்த்தவர்கள்: உங்களுக்குத் தெரியுமா?

கருங்கல் சந்தையில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். "பெருவியாதியா? அதெல்லாம் அந்தக் காலத்தோடு போச்சே" என்றுதான் சொல்வார்கள். போகவில்லை. இன்றும் இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் அளவில் புதிதாகத் தொழுநோய்க்கு ஆளாகிறார்கள். உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் நம் நாட்டவர். நோயை அஞ்சி ஊரே ஒதுங்கியபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களில் சிலர் நம் குமரி மாவட்டத்து மண்ணிலேயே உழைத்தவர்கள். இந்த முறை பத்தி முழுக்க அவர்களுக்கும், அவர்கள் கற்றுத் தந்தவற்றுக்கும்.

● திங்கள்நகரை ஒட்டிய நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய ஆண்டு 1838. டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கினார். அவருக்குப் பின் வந்த டாக்டர் லீச் 1854இல் முட்டம் கடலில் மூழ்கி இறந்தார். அப்படியும் பணி நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் நெய்யூரில் தொழுநோயாளருக்கெனத் தனி இல்லமும் வந்துவிட்டது. குளச்சல் அருகே உடையார்விளையில் இருக்கும் சி.எஸ்.ஐ. தொழுநோய் மருத்துவமனையும் நம் பகுதியின் இந்த நீண்ட மரபைச் சேர்ந்ததே. அந்த வழியாகப் பேருந்தில் போகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும்.

● எவரெஸ்ட் சிகரத்தை நெருங்கியவர் ஒருவர் நெய்யூரில் நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார் என்றால் நம்புவீர்களா? அவர் டாக்டர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். 1922இல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்தார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவு விழுந்து சுமை தூக்கி வந்த மலைவாசிகள் ஏழு பேர் மாண்டனர். பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே இறங்கியவர் நெய்யூருக்கும் வந்தார். அங்கே டாக்டர் பியூ என்ற ஒற்றை மருத்துவர் நோயாளிக் கூட்டத்தின் நடுவே திணறுவதைக் கண்டார். லண்டனில் பெரிய மருத்துவமனை வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கே திரும்பினார்.

1924இல் இங்கிருந்தே மறுபடி இமயத்துக்குப் போனார். செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறினார். இறங்கும் வழியில், குளிரில் வெந்துபோன தொண்டைச் சவ்வு மூச்சை அடைத்து உயிரே போகப் பார்த்தது. பிழைத்துத் திரும்பியவர் மீண்டும் நெய்யூர் அறுவை அறையில் நின்றார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் தென் திருவிதாங்கூரின் ஏழைகளுக்கு அவர்தான் பெரிய டாக்டர். ஒலிம்பிக் குழு 1922 பயணத்துக்காக வழங்கிய பதக்கத்தைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பதக்கத்தைவிட நெய்யூரின் பல்லாயிரம் தையல்களே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

● மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியா என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டவற்றுள் முன் நிற்பது தொழுநோய்க் கிருமிதான். நார்வேயின் பெர்கன் நகரில் டாக்டர் ஹான்சென் 1873இல் அதைக் கண்டார். அதுவரை இது பரம்பரை நோய், சாபம், பாவத்தின் கூலி என்றெல்லாம் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. ஹான்சென் பின்னாளில் பெரும் தவறும் செய்தார். ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவர் சம்மதம் இல்லாமல், கிருமியைச் செலுத்திப் பார்த்தார். 1880இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது, மருத்துவமனைப் பதவி போயிற்று. நோயாளியின் சம்மதம் என்பதை நீதிமன்றம் தூக்கிப்பிடித்த மிகப் பழைய வழக்குகளில் இது ஒன்று.

● அதே 1873ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹவாயின் மொலொக்காய் தீவில் பெல்ஜியக் குரு தமியான் கரை இறங்கினார். தொழுநோயாளர்களைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்த தீவு அது. அவர் பூசை வைத்ததோடு நிற்கவில்லை. வீடு கட்டினார், தண்ணீர் கொண்டுவந்தார், புண்ணைக் கழுவிக் கட்டினார், இறந்தவர்களுக்குப் பெட்டி செய்து குழியும் வெட்டினார். ஒருநாள் கொதிநீரில் கால் பட்டது, சுடவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டது என்று அப்போது அறிந்தார். 1889இல் அங்கேயே இறந்தார். 2009இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

● கொதிநீர் சுடாமல் போனது ஏன்? இந்தக் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். உடலில் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள், மூக்கு, காது மடல், கை கால் நுனிகள் எல்லாம் உள்ளுறுப்புகளைவிடக் குளிர்ந்தவை. அங்கே போய் அது தங்குகிறது. முழங்கைக்குப் பின்னால் இடித்துக்கொண்டால் சுரீரென்று ஓடுமே, அந்த நரம்பு அடிபட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும். முகத்து நரம்பு அடிபட்டால் கண்ணிமை மூடாது. முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பு அடிபட்டால் பாதம் தொங்கிவிடும்.

● கிருமி மிக மிக மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதனால் தொற்றியவருக்கு அடையாளம் தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டு, சில வேளை இருபது ஆண்டுகூட ஆகலாம். சோதனைக்கூடத் தட்டில் இதை இன்றுவரை யாராலும் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும், அமெரிக்காவின் ஒன்பது பட்டை அர்மடில்லோ என்ற விலங்கிலும்தான் வளர்த்து ஆராய்கிறார்கள். அர்மடில்லோவின் உடல் வெப்பம் நம்முடையதைவிடக் குறைவு, அதுதான் காரணம்.

● நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இயற்கையாகவே இந்த நோயை எதிர்க்கும் சக்தி உண்டு. கை குலுக்கினால் வராது, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் வராது. சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்பவர்களுக்கே மூச்சு வழியாகத் தொற்றும் வாய்ப்பு. மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மை அடங்கிவிடும்.

இதை நிரூபிக்கத் தம் உடம்பையே கொடுத்தவர்கள் உண்டு. ஹான்செனின் மாமனார் டாக்டர் டேனியல்சென், தொழுநோயாளியின் கழலையிலிருந்து எடுத்ததைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். நோய் வரவில்லை. நம் நாட்டில் பாபா ஆம்தேயும் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்காகத் தம் உடலில் கிருமியைச் செலுத்த இசைந்தார். அவருக்கும் வரவில்லை.

● அந்தப் பாபா ஆம்தேக்கும் நம் கன்னியாகுமரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. வசதியான குடும்பத்தில் பிறந்து வக்கீல் தொழில் பார்த்தவர் அவர். ஒருநாள் மழையில், சாக்கடை ஓரம், விரல்கள் அழிந்து புழு வைத்துக் கிடந்த தொழுநோயாளி ஒருவரைக் கண்டு பயந்து ஓடினார். வீடு சேர்ந்ததும் அந்தப் பயமே அவரை அரித்தது. அச்சம் இருக்கும் இடத்தில் அன்பு இருக்க முடியாது என்று பட்டது போலும். திரும்பிப் போய் அந்த மனிதருக்கு உணவூட்டி, மறைப்புக் கட்டிக் கொடுத்தார். பிறகு தொழுநோய் மருத்துவமே கற்றுக்கொண்டார். 1949இல் சங்கம் தொடங்கி, மகாராஷ்டிரத்தின் வரோரா அருகே கல்லும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தில் ஆறு நோயாளிகள், பதினான்கு ரூபாய், ஒரு நொண்டிப் பசு என்று ஆனந்தவனத்தை ஆரம்பித்தார். ஆனந்தவனத்தில் விளைந்த காய்கறியை வாங்க முதலில் ஊரார் தயங்கினார்கள். பின்னர் அதே ஊர்ப் பிள்ளைகள் படிக்க ஆனந்தவனத்துக்காரர்களே கல்லூரி கட்டிக் கொடுத்தார்கள்.

1985 டிசம்பரில், எழுபதைக் கடந்த வயதில், 'பாரத் ஜோடோ' என்று இளைஞர்களைச் சைக்கிளில் திரட்டிக்கொண்டு அவர் புறப்பட்ட இடம் நம் கன்னியாகுமரி. போன திசை காஷ்மீர். முதுகெலும்பு நோயால் அவரால் உட்கார முடியாது. வண்டியில் படுத்தபடியே நாடு முழுக்கப் போனார்.

● நம் மேற்குமலைக் காடுகளில் மரோட்டி என்று ஒரு மரம் உண்டு. சித்த வைத்தியர்கள் நீரடிமுத்து என்பார்கள். காயின் ஓட்டில் எண்ணெய் விட்டு விளக்கேற்றுகிற வழக்கம் கேரளத்தில் இன்றும் இருக்கிறது. சல்ஃபோன் மருந்துகள் வரும்வரை உலகம் முழுவதும் தொழுநோய்க்கு இருந்த முதன்மையான மருந்து இந்த இனத்து மரங்களின் விதை எண்ணெய்தான். குடித்தால் குமட்டும். ஊசியாகப் போட்டால் தோலுக்கடியில் கட்டி கட்டியாக நின்று வலிக்கும்.

அந்த எண்ணெயை உடல் ஏற்கும் ஊசிமருந்தாக மாற்றியவர் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண். ஹவாய்க் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. அப்போது வயது 23. தம் ஆய்வை அச்சில் காணுமுன் 1916இல், 24 வயதில் இறந்தார். கல்லூரித் தலைவர் அந்த முறையைத் தம் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். 2000இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் நிற்கும் அதே இன மரத்தின் அடியில் அவர் பெயரைப் பொறித்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெயரை மறைத்துவைத்த அநியாயம் அது.

● கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, தொழுநோயாளிக்கு விரல் ஏன் போகிறது என்ற கேள்விக்கு விடை சொன்னார். பெயர் பால் பிராண்ட். தந்தை ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். தாய் ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விடாமல், 95 வயதில் 1974இல் இறக்கும்வரை மலைமக்களிடையே உழைத்தார். மகன் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார்.

அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். டாக்டர் ராபர்ட் காக்ரேன் சுற்றிக் காட்டினார். டாப்சோன் குடும்ப மருந்துகளைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த உலக முன்னோடிகளில் ஒருவர் அவர். மடங்கிய கைகளைப் பார்த்த பிராண்ட் ஒருவரிடம் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். சூம்பிப்போன கை என்று நினைத்தவருக்கு எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது. அப்படியானால் முன்கைத் தசைகள் நன்றாக இருக்கின்றன! கிருமி குளிர்ந்த இடத்து நரம்பைத்தான் கெடுக்கிறது, ஆழத்தில் இருப்பதை விட்டுவிடுகிறது. உயிரோடு இருக்கும் தசையின் தசைநாணைப் பிரித்து, செத்த தசையின் வேலைக்கு மாற்றித் தைத்தால் விரல் நிமிரும். 1948இல் வேலூரில் அதைச் செய்தும் காட்டினார்.

இன்னொன்று. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகினான். பூட்டு திறந்தது. தரையில் ரத்தம் சொட்டியது. விரல் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது, அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சிறுவனின் கையைத்தான் பிராண்ட் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார் என்று சொல்லலாம். விரல் அழுகி உதிர்வதில்லை. வலி இல்லாததால் சூடும், வெட்டும், உராய்வும், அதன்மேல் சீழும் சேர்ந்து விரலைத் தின்கின்றன.

சிலருக்கு ராத்திரி படுத்து எழுந்தால் விரல் துண்டு காணாமல் போயிருந்தது. காவலிருந்து பார்த்தபோது எலி கடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவருக்கு வலி இல்லை, விழிக்கவில்லை. அதன் பிறகு சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களிடம் மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள். எந்த மருத்துவப் பாடநூலிலும் இல்லாத மருந்துச் சீட்டு! நோயாளியின் குடிசையில் இருந்து, ராத்திரி அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

● கை நிமிர்ந்தது. ஆனால் சிலர் திரும்பி வந்து, இந்தக் கையைக் காட்டினால் பிச்சை விழவில்லை, வேலையும் யாரும் தருவதில்லை என்றார்கள். பிராண்டுக்கு அது பேரிடி. 1951இல் சி.எம்.சி. வளாகத்தில் மண் குடிசைகள் போட்டு நவஜீவ நிலையம் தொடங்கியது அதனால்தான். அங்கே புதிய கைகளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள், மரப் பொம்மைகள் செய்தார்கள். 1955 முதல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இயங்கியது. உலகின் பல நாட்டு மருத்துவர்கள் வந்து கற்றுப்போன இடம் அது.

● ஒருமுறை நீண்ட பயணத்துக்குப் பின் லண்டன் விடுதி அறையில் காலுறையைக் கழற்றியபோது பிராண்டுக்குக் குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது. ரயிலில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்ததில் கால் மரத்திருக்கிறது, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மனிதர் அவர்.

● சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த பெண் மருத்துவர் யார்? கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ். வேலூரில் மகப்பேறு மருத்துவம் பயின்றுகொண்டிருந்தபோது 1954இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலற்றுப் போனது. நின்றுதான் அறுவை செய்ய வேண்டுமா, கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே என்று பிராண்ட் வழி காட்டினார். நடக்க முடியாத மருத்துவர் வந்து தங்கள் கையைப் பிடித்தபோது நோயாளிகளுக்கு எவ்வளவு தெம்பு வந்திருக்கும்! பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அதற்கெனத் தனித் துறையை வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

● நோயாளி மருத்துவமனைக்கு வர வெட்கப்படுகிறாரா? அப்படியானால் மருத்துவமனை அவரிடம் போகட்டும் என்றார் பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸ். ஆப்பிரிக்காவின் காங்கோவில் பல ஆண்டு உழைத்தவர். 1955இல் செங்கல்பட்டுப் பக்கம் பொலம்பாக்கத்தில் மையம் அமைத்து, குறித்த நாளில் குறித்த சாலையோர மரத்தடிக்கு வண்டியில் போய் மருந்து கொடுத்தார். 'மரத்தடி மருத்துவமனைகள்' என்று உலகம் அதைப் பேசியது. வீட்டை விட்டுப் பிரிக்காமல், வேலையைக் கெடுக்காமல் சிகிச்சை. அவருடன் இளம் பெண்ணாக வந்து சேர்ந்த டாக்டர் கிளேர் வெல்லுட், வாழ்நாளை இந்தியத் தொழுநோயாளருக்கே கொடுத்து இந்தியக் குடியுரிமையும் பெற்றார். ஆதரவற்றோர் இல்லங்கள் கட்டியவர்களை நாம் நிறையப் பாராட்டிவிட்டோம். நோயாளியை வீட்டோடு இருக்கவிட்டவர்களை இன்னும் போதிய அளவு பாராட்டவில்லை.

● டி.என்.ஜெகதீசன் என்ற தமிழரை எத்தனை பேருக்குத் தெரியும்? சிறுவயதிலேயே தொழுநோய்க்கு ஆளானவர். ஆங்கிலப் புலமையாளர், ஸ்ரீனிவாச சாஸ்திரியின் கடிதங்களைத் தொகுத்தவர். நோயை மறைக்காமல் வெளியே சொல்லி, அகில இந்தியத் தொழுநோய் ஒழிப்புச் சங்கத்தின் பணிகளில் முன்னின்றார். 1940களில் விழுப்புரம் பக்கம் மழவந்தாங்கலில் எழுந்த கஸ்தூரிபா குஷ்ட நிவாரண நிலையத்துக்குப் பின்னால் அவர் உழைப்பு உண்டு. 1957இல் பத்மஸ்ரீ. நோயாளி என்றால் உதவி பெறுகிறவர் மட்டுமே என்று நினைக்கிற நமக்கு அவர் வாழ்க்கையைப் பாடநூலில் வைத்திருக்க வேண்டும்.

● எரவாடா சிறையில் காந்தியோடு இருந்த சம்ஸ்கிருத அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரி, தொழுநோய் முற்றி, 1939இல் சேவாகிராமம் வந்து சேர்ந்தார். ஆசிரமத்தில் சிலருக்குத் தயக்கம். காந்தி தம் குடிலுக்கு அருகிலேயே அவருக்குக் குடிசை போட்டுக் கொடுத்து, தினமும் தம் கையால் புண்ணைக் கழுவி எண்ணெய் தேய்த்துவிட்டார். நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் பணியையும் தனித் தலைப்பாகச் சேர்த்தார். அவர் நினைவு நாளான ஜனவரி 30ஐ இந்தியா தொழுநோய் எதிர்ப்பு நாளாக அனுசரிப்பது அதனால்தான்.

● உலகத் தொழுநோய் நாள் ஜனவரியின் கடைசி ஞாயிறு. 1954இல் ரவுல் ஃபொல்லெரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் தொடங்கி வைத்தார். அதே ஆண்டில் அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் கடிதம் எழுதி, ஆளுக்கு ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையைக் கொடுங்கள், உலகத் தொழுநோயாளர் அத்தனை பேருக்கும் சிகிச்சை கொடுத்துவிடலாம் என்று கேட்டார். கிடைக்கவில்லை.

● அதே 1954இல் தமிழ்நாட்டில் வெளியான படம் 'ரத்தக்கண்ணீர்'. எம்.ஆர்.ராதாவின் நடிப்புக்குத் தமிழில் ஈடு குறைவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தப்பு வழியில் நடந்தவனுக்கு வந்த தண்டனையாகத் தொழுநோயைக் காட்டிய விதத்தால் உண்மையான நோயாளிகள் எவ்வளவு நொந்திருப்பார்கள்! படம் ஓடிய நாட்களில் செங்கல்பட்டில் டாப்சோன் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் சாபம், ஆஸ்பத்திரியில் மருந்து. ஜனங்கள் திரையைத்தான் நம்பினார்கள். கேரளத்தில் தோப்பில் பாஸியின் 'அஸ்வமேதம்' நாடகம் வேறு கேள்வியை எழுப்பியது: குணமானவளை வீடு ஏற்குமா? நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த 1934இல் அரசு நூரநாட்டில் பெரிய தொழுநோய் மருத்துவமனை அமைத்தது. அதே நூரநாட்டை அடுத்த வள்ளிக்குன்னம்தான் பாஸியின் ஊர்.

● இலங்கையில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் டச்சுக்காரர் கட்டிய தொழுநோய் மருத்துவமனையின் ஆண்டு 1708. மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு என்றொரு சிறு தீவையே தொழுநோயாளருக்கு ஒதுக்கினார்கள், பின்னாளில்.

● பரனூர் என்றால் சென்னைப் பயணிகளுக்குச் சுங்கச்சாவடி நினைவு வரும். அங்கேதான் அரசின் தொழுநோயாளர் மறுவாழ்வு இல்லமும் இருக்கிறது. 1971இல் கருணாநிதி முதல்வராக இருந்தபோது, தெருவில் கையேந்தி நின்ற தொழுநோயாளருக்காகத் தொடங்கிய இல்லங்களில் ஒன்று. இன்று தமிழக அரசு, பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமடைந்தவரையும் மாற்றுத்திறனாளிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இது சலுகை இல்லை, உரிமை. தெரிந்தவர் யாருக்காவது கிடைக்காமல் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

● 1898இல் வெள்ளைக்காரன் போட்ட தொழுநோயாளர் சட்டம், ஏழை நோயாளியைப் பிடித்து அடைத்துவைக்க அனுமதித்தது. மருந்து வந்து, நோய் குணமாகத் தொடங்கி, பல தலைமுறை கடந்த பிறகு 2016இல்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. ஜப்பான் தன் சட்டத்தை 1996இலேயே நீக்கி, பிறகு பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் கொடுத்தது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்று சொல்லி விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரை நம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. நினைத்தாலே மனம் கொதிக்கிறது.

● உணர்ச்சியற்ற பாதத்துக்குச் செருப்புதான் பாதி மருந்து. எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். அடியில் மெத்தென்ற நுண்துளை ரப்பர், உடல் எடையைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். ஆணி அடிக்க மாட்டார்கள், ஆணி ஏறினாலும் தெரியாது. பின்பக்கம் வார் இருக்கும், மரத்த காலுக்குச் செருப்பு கழன்று விழுவதும் தெரியாது. முன்பு இந்தச் செருப்பைப் பார்த்தே 'ஆளைக் கண்டுபிடித்து' ஒதுங்கினார்கள். அதனால் இப்போது கடைச் செருப்பைப் போலவே அழகாகச் செய்து கொடுக்கிறார்கள்.

● மிச்சம் பாதி மருந்து நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயில் இருக்கிறது. தினமும் இருபது நிமிடம் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். வியர்வை சுரக்காத தோல் வெடிக்காமல் இருக்க அதுவே வழி. பிறகு கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கிழவியின் காலைப் பேத்தி பார்த்துச் சொல்லலாம். பெரிய பணம் கேட்காத தொண்டு இது.

● அண்டி ஆபீசில் வறுத்த முந்திரி உடைக்கும் பெண்களே, ரப்பர் பால் வெட்டுகிறவர்களே, அடுப்பில் நிற்கிறவர்களே, கொஞ்சம் கவனியுங்கள். சுடுகிற பொருளைத் தொட்டும் சுடாமல் போனால், வெட்டுப்பட்டும் வலிக்காமல் போனால், கை காய்ச்சுப் போச்சு என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை காட்டிவிடுங்கள்.

● மூன்று மருந்து சேர்ந்த கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. தேமல் ஐந்து வரை என்றால் ஆறு மாதம், அதற்கு மேல் என்றால் ஒரு வருடம். 1995 முதல் உலகெங்கும் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை அட்டையாகவே கொடுப்பார்கள். மாதத்தில் ஒருநாள் விழுங்கும் மாத்திரையால் சிறுநீர் சிவக்கும், பயப்பட வேண்டாம். இன்னொரு மாத்திரையால் தோல் கறுக்கும். "முகம் கறுத்துப் போச்சு, ஊர் கேக்குது" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் நிறம் மெல்லத் திரும்பிவிடும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். மாத்திரை சாப்பிடும்போதோ முடிந்த பிறகோ தேமல் சிவந்து வீங்கினாலும், நரம்பு வலித்தாலும், கண் சிவந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அது எதிர்வினை. உரிய மருந்தை உடனே தொடங்கினால் ஊனம் வராமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

● தொழுநோயின் தேமல் அரிக்காது, வலிக்காது. அதனால்தான் யாரும் கவலைப்படுவதில்லை. வெளிறியோ சிவந்தோ இருக்கும், முடி உதிர்ந்திருக்கலாம், வியர்க்காது. சுகாதாரப் பணியாளர் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் லேசாகத் தொட்டு, எங்கே தொட்டேன் என்று கேட்பார். தொட்ட இடத்தைக் காட்ட முடியாமல் போனால் அதுவே முதல் சாட்சி. முதுகிலும் பிட்டத்திலும் இருக்கும் தேமலை நாமே பார்க்க முடியாது, பெண்கள் காட்டவும் கூச்சப்படுவார்கள். ஆகவே முகாம் வரும்போது வீட்டுப் பெண்களைப் பெண் பணியாளரிடம் அனுப்புங்கள்.

● ஒருவருக்கு நோய் உறுதியானால், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களையும் அண்டை வீட்டாரையும் பரிசோதிப்பார்கள். நோய் இல்லாதவர்களுக்கு, மருத்துவக் காரணத்தால் விலக்கு இல்லையென்றால், ரிஃபாம்பிசின் மருந்தை ஒரே ஒரு வேளை கொடுக்கிறார்கள். அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பை அது பாதிக்கு மேல் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதுவும் இலவசம். இதற்கு நோயாளி தன் வீட்டார் பெயரையும், அண்டை வீட்டார் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த அண்டை வீட்டுக் கதவை ஆஷா பணியாளர் தட்டும்போது, யார் வீட்டிலிருந்து வந்தது இந்த நோய் என்று துருவாமல், கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.